ஈர்க்கும் புளியங்கொட்டையும்: சிறு பிள்ளைகளுக்குக் கணக்கை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"நூற்று ஐந்து எழுது" என்றேன். தரம் 3 படிக்கும் என் பெறாமகள் யோசிக்காமலே 1005 என்று எழுதினாள். பிழை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவள் செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. நூறு என்று கேட்டது, 100 எழுதினாள். ஐந்து என்று கேட்டது, பக்கத்தில் 5 எழுதினாள். காதில் விழுந்ததை அப்படியே கொப்பியில் வைத்திருக்கிறாள். நூறு வரை எண்ணத் தெரியும், வாய்பாடு பாடத் தெரியும். ஆனால் நூறு என்பது எவ்வளவு என்று அவளுடைய கைக்குத் தெரியாது.

அந்தப் பின்னேரம் தொடங்கியதுதான் இந்த விளையாட்டுகள். தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளுக்கு வீட்டில் செய்யக்கூடியவை. வகுப்பில் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரித்துவிட்டால் போதும்.

தொடங்குமுன் ஒரு விஷயம். பயிற்சித்தாளில் பூனைப்படம் போட்டு, விடைக்கு ஏற்ற நிறம் தீட்டச் சொன்னால் அது விளையாட்டு ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறோம். பிள்ளை நிறம் தீட்டுவதில் மகிழ்கிறது, கணக்கை ஒரு தொல்லையாகத் தாண்டிப் போகிறது. நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: கணக்கை எடுத்துவிட்டால் விளையாட்டும் நின்றுபோக வேண்டும். தாயம் அப்படி. எண்ணாமல் தாயம் விளையாட முடியாது. பூனைக்கு நிறம் தீட்டக் கணக்குத் தேவையில்லை.

இன்னொன்று வரிசை. முதலில் கையால் தொட்டுச் செய்வது, பிறகு படமாகக் கீறுவது, கடைசியில்தான் இலக்கமாக எழுதுவது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் இதே வரிசையை எழுதிவைத்தார். சிங்கப்பூர் 1980களில் தன் ஆரம்பப் பாடசாலைக் கணிதத்தை இதன் மேல்தான் கட்டியது. நாங்கள் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம். அப்புறம் பிள்ளைக்குக் கணக்கு ஏறவில்லை என்று கவலைப்படுகிறோம்.

சேர்க்க வேண்டியவை

ஒரு பழைய பால்மாப் பேணி. 220 ஈர்க்குத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். நுனிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், அது மெல்லியது, குத்தும். பத்துப் புளியங்கொட்டைகள், பிளக்காதவை. இன்னும் ஐந்தை நடுவால் பிளந்து பத்துப் பாதிகளாக வையுங்கள். கட்டுவதற்கு றப்பர் வளையங்கள், லூடோப் பெட்டியில் இருக்கும் தாயக்கட்டைகள் இரண்டு, ஒரு சிரட்டை, சப்பாத்துப் பெட்டியின் மட்டை, பழைய கலண்டர் ஒன்று. காசு கொடுத்து வாங்க வேண்டியது அனேகமாக எதுவும் இல்லை. ஈர்க்கு வெட்டும் வேலையைப் பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். 220 துண்டை வெட்டி எண்ணி முடிப்பதே முதற் பாடமாகிவிடும்.

படி 1: பத்தைக் கட்டுவது, கட்டை அவிழ்ப்பது

எல்லாவற்றுக்கும் அடி இதுதான். இதில் இரண்டு கிழமை போனாலும் பரவாயில்லை.

இரண்டு பேர் விளையாடலாம். முறைக்கு முறை இரண்டு தாயக்கட்டைகளையும் உருட்டி, விழுந்த தொகைக்கு ஈர்க்கு எடுக்க வேண்டும். கையில் பத்து சேர்ந்தவுடன் றப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய கட்டு. பெரிய கட்டை முதலில் கட்டியவர் வென்றவர். அதற்கு ஒருவர் ஏறக்குறைய 15 தடவை உருட்ட வேண்டி வரும். தரம் 1 பிள்ளைக்கு நூறு நீளம். ஐந்து கட்டோடு நிறுத்துங்கள்.

விளையாடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்ப உன்னட்டை எத்தினை இருக்கு?" முதல் நாட்களில் பிள்ளை கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணும். விடுங்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ "மூண்டு கட்டு, நாலு தனி... முப்பத்திநாலு" என்று சொல்லும். புத்தகத்தில் இடப்பெறுமானம் என்று இருப்பது அதுதான். அந்தப் பெயரை உடனே சொல்ல வேண்டும் என்றில்லை.

பிறகு விளையாட்டைத் திருப்புங்கள். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பெரிய கட்டு. உருட்டுகிற தொகையைப் பேணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலில் கை வெறுமையானவர் வென்றவர். முதல் உருட்டில் 8 விழுந்தது என்று வையுங்கள். பிள்ளை பெரிய கட்டைப் பார்த்துத் திகைக்கும். தனி ஈர்க்கு ஒன்றும் இல்லை. பெரிய கட்டை அவிழ்த்தால் பத்துக் கட்டு. அதில் ஒரு கட்டை அவிழ்த்தால் பத்துத் தனி. எட்டைக் கொடுத்தால் ஒன்பது கட்டும் இரண்டு தனியும் மிச்சம். 100இலிருந்து 8ஐக் கழிக்கும்போது பூச்சியத்துக்கு மேல் பூச்சியமாக வெட்டிக் "கடன் வாங்கி" நாங்கள் எழுதுகிற அதே வேலை, இங்கே கண்முன் நடக்கிறது. கடன் என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? ஒரு பிள்ளை என்னிடம் அப்படித்தான் கேட்டது. "கட்டை அவிழ்ப்பது" என்று சொன்னால் குழப்பம் இல்லை.

கை பழகியபின் படத்துக்குப் போங்கள். கட்டுக்கு ஒரு கோடு, தனிக்கு ஒரு புள்ளி. 52 என்றால் ஐந்து கோடும் இரண்டு புள்ளியும். 27ஐ எடுக்க வேண்டும். ஏழு புள்ளி இல்லை. ஒரு கோட்டை அழித்துப் பத்துப் புள்ளி போட்டால் நான்கு கோடு, பன்னிரண்டு புள்ளி. இப்போது எடுக்கலாம், மிச்சம் இரண்டு கோடு, ஐந்து புள்ளி. இந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே இலக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வரியாக. ஒரு கிழமை கழித்துப் படம் தானாக விழுந்துவிடும்.

தொண்ணூறு செய்யும் குழப்பம்

இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை எல்லாம் "பது" என்று முடிகின்றன. அடுத்தது தொண்ணூறு. அதில் "நூறு" கேட்கிறது. 900ஐத் தொள்ளாயிரம் என்கிறோம். அதில் "ஆயிரம்" கேட்கிறது. ஒன்பதே "பது" என்று முடிகிறது. ஆக, ஒன்பது வருகிற இடமெல்லாம் பெயர் ஒரு படி மேலே ஏறி நிற்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு பிள்ளை தடுமாறுவதும், தொள்ளாயிரத்து ஐந்து என்றால் ஆயிரத்தைத் தேடுவதும் மக்குத்தனம் இல்லை. மொழி வைத்த பள்ளம் அது.

அதற்கு ஒரு வழி, விளையாட்டுப் பெயர். ஈர்க்குக் கட்டை எண்ணும்போது "எட்டுப் பத்து, ஒன்பது பத்து, பத்துப் பத்து" என்று எண்ணுங்கள். "ஒன்பது பத்துக்கு ஊர்ப்பெயர் என்ன?" என்று கேட்டால் "தொண்ணூறு" என்று சொல்லட்டும். இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டால் சில நாளில் சரியாகிவிடும்.

1005 எழுதின பிள்ளைக்கு மட்டை அட்டை. மூன்று விரல் அகல மட்டையில் 100, 200 என்று 900 வரை. இரண்டு விரல் அகலத்தில் 10 முதல் 90 வரை. ஒரு விரல் அகலத்தில் 1 முதல் 9 வரை. வலது ஓரங்கள் பொருந்துமாறு ஒன்றின்மேல் ஒன்று வைக்க வேண்டும். 100இன் மேல் 5ஐ வைத்தால் கடைசிப் பூச்சியம் மறைந்து 105 தெரியும். தூக்கிப் பார்த்தால் பூச்சியம் கீழே ஒளிந்திருக்கும். என் பெறாமகள் அந்தப் பூச்சியத்தைப் பத்துத் தடவையாவது தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பிறகு 1005 எழுதவே இல்லை.

படி 2: பத்துக்குக் கூட்டாளி

பிளந்த புளியங்கொட்டையின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் மண்ணிறம். பத்துப் பாதிகளையும் கையில் குலுக்கிப் போடுங்கள். ஆறு வெள்ளை விழுந்தால் மண்ணிறம் எத்தனை? முதலில் எண்ணும். பிறகு பார்த்தவுடன் சொல்லும்.

அடுத்தது சிரட்டை. பிளக்காத பத்துக் கொட்டைகளில் சிலவற்றைச் சிரட்டையால் மூடுங்கள். வெளியே ஏழு இருந்தால் உள்ளே எத்தனை? பிள்ளையும் உங்களுக்கு மூடட்டும். நீங்கள் இடைக்கிடை வேண்டுமென்றே பிழை விடுங்கள். பிடித்துத் திருத்தும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இது பழகினால் 8உம் 6உம் விரலை விட்டு எண்ண வேண்டிய கணக்கு இல்லை. எட்டுக்கு இரண்டு வேண்டும், ஆறிலிருந்து இரண்டை எடு, பத்தும் நாலும் பதினாலு. அதுவரை விரல் விட்டு எண்ணட்டும். விரலை மடக்கச் சொல்லி அதட்டினால் அது மேசைக்குக் கீழே எண்ணப் பழகும், அவ்வளவுதான்.

படி 3: வாய்பாடு, மனப்பாடத்துக்கு முன்

வாய்பாட்டைப் பாடமாக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாடமாக்கத்தான் வேண்டும். ஆனால் பாட்டாக மட்டும் தெரிந்த பிள்ளையிடம் "ஏழெட்டு?" என்று கேட்டால் ஏழாம் வாய்பாட்டை முதலிலிருந்து பாடிக்கொண்டு வரும். அதனால் பொருளைக் காட்டிவிட்டுப் பிறகு பாட வையுங்கள்.

இரண்டாம் வாய்பாட்டுக்குக் கச்சான். ஒரு கோதுக்குள் அனேகமாக இரண்டு பருப்பு. ஏழு கோது உடைத்தால் எத்தனை என்று முதலே சொல்லிவிட்டு உடைக்க வேண்டும். சரியாகச் சொன்னால் சாப்பிடலாம். மூன்றுக்கு நுங்கு. பனங்காயின் தலையை வெட்டினால் பெரும்பாலும் மூன்று கண். நாங்கள் ஐந்து காயை வைத்துப் பதினைந்து கண் என்று பெரிய குரலில் சொல்லிவிட்டு வெட்டினோம். ஒன்றில் இரண்டு கண்தான் இருந்தது. பதினாலு. "அப்ப வாய்பாடு பிழையோ சின்னம்மா?" என்று கேட்டாள். வாய்பாடு சரி, எல்லாக் காயிலும் மூன்று என்று நினைத்ததுதான் பிழை என்று சொல்ல வேண்டியதாயிற்று. சமமான கூட்டங்கள் இருந்தால்தான் பெருக்கல் என்பதை அந்த ஒற்றைக் காய் சொல்லிக்கொடுத்தது. நான் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

பிறகு நிரை. முப்பது முட்டைத் தட்டைக் கொண்டுவாருங்கள்: ஒரு பக்கம் பார்த்தால் ஐந்து நிரையில் ஆறாறு, திருப்பிப் பார்த்தால் ஆறு நிரையில் ஐயைந்து. ஒரு முட்டையும் கூடவில்லை, குறையவில்லை. இதைப் பார்த்த பிள்ளைக்கு 6×8 தெரிந்தால் 8×6ஐத் தனியாகப் பாடமாக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். பத்தாம் வாய்பாடு வரை 100 பெருக்கல்கள். திருப்பினாலும் ஒன்றுதான் என்று தெரிந்தால் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவை பிள்ளைகளுக்கு இலகு. அவற்றை எடுத்துவிட்டால் 21. ஒன்பதுக்குக் கைவிரல் இருக்கிறது: பத்து விரலையும் விரித்து, 9×4 என்றால் இடமிருந்து நாலாவது விரலை மடக்க வேண்டும், இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு, விடை 36. இப்போது மிச்சம் 15. நாலு என்றால் இரட்டிப்பின் இரட்டிப்பு. எட்டு என்றால் இன்னொரு தடவை இரட்டிப்பு. 8×7க்கு 7, 14, 28, 56. அவற்றையும் எடுத்துவிட்டால் நிற்பது ஆறே ஆறு: 3×3, 3×6, 3×7, 6×6, 6×7, 7×7. இந்த ஆறையும் ஒரு கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். நூறைப் பார்த்துப் பயந்த பிள்ளை ஆறைப் பார்த்துச் சிரிக்கும்.

6×7 மட்டும் பிடிவாதமாக நிற்கும் (எனக்கே நின்றது). ஏழு நிரைப் புள்ளிகள், நிரைக்கு ஆறு. ஐந்தாம் நிரைக்குக் கீழே ஒரு ஈர்க்கை வையுங்கள். மேலே 30, கீழே 12. 42.

படி 4: வகுத்தலில் இரண்டு கதை

12 தோடம்பழ இனிப்பை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை? 12 இனிப்பை மும்மூன்றாகப் பொதி கட்டினால் எத்தனை பொதி? எழுதினால் இரண்டும் 12÷3. கையால் செய்யும்போது இரண்டும் வேறு வேலை. முதலாவதில் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு போகிறோம். இரண்டாவதில் மூன்று மூன்றாக அள்ளுகிறோம். பிள்ளை இரண்டையும் செய்திருக்க வேண்டும்.

மீதியை ஒளிக்காதீர்கள். 23 இனிப்பு, நாலு பேர், ஆளுக்கு ஐந்து, மூன்று மிச்சம். அந்த மூன்றை என்ன செய்வது என்று பிள்ளைகளே அடிபட்டு முடிவெடுக்கட்டும்.

படி 5: றொட்டி, கடதாசி, காணி

பின்னத்தை அடுப்படியில் தொடங்குங்கள். "மூன்றில் ஒன்று பெரிசோ, நாலில் ஒன்று பெரிசோ?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் நாலில் ஒன்று என்பார்கள், நாலு மூன்றைவிடப் பெரியது என்பதால். ஒரே அளவான இரண்டு றொட்டிகளில் ஒன்றை மூன்று பேருக்கும் மற்றதை நாலு பேருக்கும் வெட்டி, எந்தத் துண்டு வேண்டும் என்று கேளுங்கள். பசியோடு இருக்கும் பிள்ளை பிழை விடாது. "பெரிய அரைவாசி எனக்கு" என்று சொன்னால் அந்த இடத்திலேயே பிடியுங்கள். பெரியது இருந்தால் அது அரைவாசி இல்லை.

அடுத்தது காணிக் கடதாசி. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பரப்புக் கணக்கில்தான் காணி கதைப்பார்கள். பரப்பு என்பது யாழ்ப்பாணத்தில் காணி அளக்கும் அளவு. வீட்டுக்காணி, தோட்டக்காணி அளவில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு முழுக் கடதாசியை ஏக்கர் என்று வையுங்கள். பாதியாக மடியுங்கள், இன்னொரு தடவை, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. விரித்தால் 16 பெட்டி. ஒவ்வொன்றும் ஒரு பரப்பு. அரை ஏக்கருக்கு எத்தனை பெட்டி? எட்டு. கால்? நாலு. அரைக்கால்? இரண்டு. பதினாறில் ஒன்றுக்குப் பழைய தமிழில் வீசம் என்று பெயரே இருக்கிறது. ஒரு பரப்பு ஒரு வீசம் ஏக்கர். இரண்டு பெட்டிக்குக் கிணறும் மூன்று பெட்டிக்கு வாழையும் நாலு பெட்டிக்கு வீடும் கீறச் சொல்லுங்கள். மிச்சம் எவ்வளவு? பதினாறில் ஏழு. ஒரு பகல் முழுக்க இதிலே போய்விடும். அப்பப்பா பக்கத்தில் இருந்தால் காணிக்கு எல்லையும் போட்டுத் தருவார்.

படி 6: சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியோ சுன்னாகமோ கொடிகாமமோ, எந்தச் சந்தையானாலும் சரி. நெரிசல் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். மிச்சக்காசை வியாபாரி எப்படித் தருகிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். 370 ரூபாய்க்கு 500 ரூபாய்த் தாள் கொடுத்தால் அவர் மனதுக்குள் கழிப்பதில்லை. "முன்னூற்றெழுபது... நானூறு... ஐந்நூறு" என்று முப்பதையும் நூறையும் மேலே கூட்டிக் கையில் வைக்கிறார். வீட்டுக்கு வந்தபின் ஒரு கோடு கீறி அதையே பாய்ச்சல் பாய்ச்சலாகக் காட்டுங்கள். கட்டு அவிழ்க்கும் கழித்தலைவிட இது சில இடங்களில் கெதி. 500−498ஐ எழுதிக் கழிக்கிற பிள்ளையைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

தராசும் ஒரு பாடம். கையில் தூக்கிப் பார்த்து அரைக் கிலோவோ ஒரு கிலோவோ என்று ஊகித்துவிட்டு நிறுக்க வேண்டும். ஊகிக்காமல் அளப்பதில் சுவை இல்லை.

பட்டக் காலத்தில் சமச்சீரைத் தனியாகப் படிப்பிக்கத் தேவையே இல்லை. ஒரு பக்கம் ஈர்க்கு அரை அங்குலம் கூடினால் பட்டம் சுழன்று விழும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால், நடுக்கோட்டில் மடித்தால் பொருந்துகிற பட்டம் எது என்று பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

எவ்வளவு நேரம், எப்படிக் கதைப்பது

நாளுக்கு 15, 20 நிமிடம் போதும். பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே பேணியை மூடுங்கள். ரியூசன் முடிந்து களைத்து வந்த பிள்ளையை இருத்தி விளையாடச் சொல்வது விளையாட்டு இல்லை. யார் கெதியாகச் சொல்வது என்ற போட்டியை நான் வைப்பதில்லை. வெல்கிற பிள்ளை ஏற்கெனவே தெரிந்த பிள்ளை. தோற்கிற பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிட்டு ஊகிக்கத் தொடங்கும்.

விடை சரியோ பிழையோ, கேட்க வேண்டியது "எப்பிடிக் கண்டுபிடிச்சனி?" என்பது. பிழைக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தவுடனே பிள்ளை விடையை அழித்துவிடும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இதெல்லாம் உதவுமா என்று கேட்கிறார்கள். தன் வழியைச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு நீளமான வசனக் கணக்கு பயமில்லை என்பதை மட்டும் கண்டிருக்கிறேன். "மொத்தம் என்று வந்தால் கூட்டு, மிச்சம் என்று வந்தால் கழி" என்று குறுக்குவழி சொல்லிக்கொடுக்காதீர்கள். "என்னிடம் 5 இருக்கிறது, அது தம்பியிடம் இருப்பதைவிட 2 கூட, தம்பியிடம் எத்தனை?" என்றவுடன் கூட்டிவிட்டு வந்து நிற்கும். மாறாக, 12−7 என்று கொடுத்து அதற்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக, கலண்டர்

நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கொடியேற்றம் என்ன கிழமை என்று தெரிந்தால், கலண்டரைத் திருப்பாமல் தேர் என்ன கிழமை என்று சொல்ல முடியுமா?

பெறாமகள் முதலில் 24ஐ ஏழேழாகப் பிரித்தாள். மூன்று கிழமையும் மூன்று நாளும். 2023இல் கொடியேற்றம் திங்கட்கிழமை. ஆகவே தேர் வியாழன் என்றாள். கலண்டரில் செப்டெம்பர் 13, புதன்கிழமை. ஒரு நாள் உதைத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஈர்க்கை எடுத்து நாளுக்கு ஒன்றாக 24ஐ அடுக்கினாள். முதல் ஈர்க்கே கொடியேற்றம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதிலிருந்து தேருக்கு 23 பாய்ச்சல்தான். மூன்று கிழமையும் இரண்டு நாளும். 2024இல் கொடி வெள்ளி, தேர் ஞாயிறு. 2025இல் கொடி செவ்வாய், தேர் வியாழன். மூன்றும் பொருந்தின. "கொடியேறின கிழமையோடை ரெண்டைக் கூட்டினாச் சரி" என்றாள்.

"அப்ப தீர்த்தம்?" என்று கேட்டேன்.

"அது தேருக்கு அடுத்தநாள்தானே சின்னம்மா, அதுக்கேன் கணக்கு?"